பி.டி.ஓ. ஷாஃப்ட் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

டிராக்டரின் பின்னால் மாட்டிய, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் வரப்போரம் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் இறங்கிப் பின்பக்கம் போய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, "எங்கேயோ டக் டக்குன்னு அடிக்குதே" என்று சுற்றுகிற ஷாஃப்டுக்கு ஒரு முழம் தள்ளிக் காதை வைப்பார். டெல்டாப் பக்கம் பதினாறு வருடமாக வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறேன். இந்தக் காட்சியைப் பார்க்காத குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. நானும் அப்படிக் குனிந்தவன்தான். பி.டி.ஓ. என்பது இன்ஜினின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல் முனை; அதையும் கருவியையும் இணைப்பதுதான் இந்த ஷாஃப்ட். எங்கள் பக்கம் பி.டி.ஓ.வில் கை கால் போனதாக நான் கேள்விப்பட்டதெல்லாம் உழவு நேரத்தில் நடந்ததில்லை. ஏதோ கோளாறு என்று பார்க்கப் போன நேரத்தில் நடந்தது.

ஆகவே கோளாறு பார்ப்பது எப்படி என்று எழுத உட்கார்ந்தால், எங்கே நின்று, எந்த நிலையில் பார்ப்பது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கை வைக்கும் முன்

கருவியைத் தரையில் இறக்குங்கள். பி.டி.ஓ. லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால், நீங்கள் கீழே குனிந்திருப்பது தெரியாமல் இன்னொருவர் ஏறி ஸ்டார்ட் செய்துவிடுவார். அப்புறம் ஷாஃப்ட் நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகு கிட்டே போங்கள். சதுரக் கட்டு போடுகிற வைக்கோல் பேலரிலும் புதர் வெட்டுகிற ஸ்லாஷரிலும் கனமான பாகங்கள் சுற்றுகின்றன. இன்ஜின் நின்ற பின்பும் அவை கொஞ்ச நேரம் ஓடும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றினால் ஒரு சின்னக் கணக்கு. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. மூடியில்லாத ஷாஃப்டின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சாண். ஆக நொடிக்கு ஒன்பது சாண், நாலரை முழம். நாலு முழ வேட்டியின் ஓரம் பட்டால் ஒரு நொடியில் வேட்டி முழுக்க உள்ளே. "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

என் தோளிலிருந்து ஒரு துண்டு அப்படிப் போயிருக்கிறது. இழுத்தது கூடத் தெரியவில்லை. தோள் லேசான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கயிறு திரித்ததுபோல் ஷாஃப்டில் இறுகிக் கிடந்தது. கருக்கரிவாளை வைத்து அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு அது தோளில்தான் கிடந்தது, கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு வண்டியோடு போகும் எந்த ஆளையும் துண்டோடு பின்னால் விடுவதில்லை. வேட்டி, லுங்கி, சேலை முந்தானை, முடிச்சுப் போடாத நீளக் கூந்தல், சட்டையின் அவிழ்ந்த கைப்பட்டன் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். ஓடும் ஷாஃப்டைத் தாண்டிப் போகவே கூடாது. முன்பக்கமாகச் சுற்றிப் போக இருபது அடி அதிகம் நடந்தால் போதும்.

கோளாறு டிராக்டரிலா, கருவியிலா?

பட்டறைக்குப் போனால் மெக்கானிக் முதலில் கேட்பது இதைத்தான். இதை நாமே கண்டுபிடித்துவிடலாம். இன்ஜினை நிறுத்தி ஷாஃப்டை இரண்டு முனையிலும் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு முனையைத் தொங்க விடுவதெல்லாம் வேண்டாம். டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல் வெட்டிய முளைதான் பி.டி.ஓ. முனை. நம் வண்டிகளில் பெரும்பாலும் 6 பல், 35 மில்லிமீட்டர் விட்டம். அதன் மேலே இருக்கும் இரும்புக் கவசம் இருக்கட்டும். சீட்டில் ஏறி ஸ்டார்ட் செய்து பி.டி.ஓ.வைப் போடுங்கள். இன்னொரு ஆளைப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் முனை சீராகச் சுற்ற வேண்டும்.

சுற்றாவிட்டால் கோளாறு டிராக்டரில். சுற்றுகிறது, சத்தமும் இல்லை என்றால் ஷாஃப்டிலோ கருவியிலோ. இனி கருவியின் கியர் பாக்ஸ் முளையைக் கையால் திருப்பிப் பாருங்கள். ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்கில் தூக்கி, அடியில் கெட்டியான மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கருவிக்கு அடியில் கையைக் கொடுக்காதீர்கள். முளை கனமாகவாவது ஒரே சீராகத் திரும்பினால் நல்லது. எங்கேயோ இடித்து நின்றாலோ, கரகரவென்றாலோ, அரைச் சுற்று வெறுமனே வந்துவிட்டு அப்புறம் பிடித்தாலோ கோளாறு கியர் பாக்ஸிலோ ரோட்டர் பேரிங்கிலோ இருக்கிறது.

இந்தப் பிரிவினை பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் நேராகக் கிளட்சைப் பிரித்துப் போட்டு, கடைசியில் அறுந்த போல்ட் ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடித்த கதைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு.

லீவர் போட்டும் சுற்றவில்லை

உங்கள் வண்டியில் எந்த வகை பி.டி.ஓ. என்பது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் சக்கரமும் பி.டி.ஓ.வும் சேர்ந்து நிற்கும். இரட்டைக் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். தனி பி.டி.ஓ. வண்டிகளில் கால் கிளட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதற்கென்று தனிக் கை லீவரோ சுவிட்சோ இருக்கும்.

முதலில் சில்லறைக் காரணங்கள். வேகம் மாற்றும் லீவர் 540-க்கும் எகானமிக்கும் (குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 தரும் நிலை) நடுவில் நிற்கிறதா? தரை வேக பி.டி.ஓ. என்று ஒன்று சில வண்டிகளில் உண்டு. லீவர் அதில் விழுந்திருந்தால் டிராக்டர் நகர்ந்தால்தான் முனை சுற்றும். வாடகைக்கு வேறு ஆள் ஓட்டிவிட்டு வந்த வண்டியில் இதைத் தவறாமல் பாருங்கள். புது வண்டிகள் சிலவற்றில் சீட்டில் ஆள் இல்லாவிட்டால் பி.டி.ஓ. ஏறாது, பி.டி.ஓ. போட்ட நிலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இது கோளாறே கிடையாது, காவல். தொந்தரவாக இருக்கிறது என்று அந்த சுவிட்ச் ஒயரை ஒட்டுப்போட்டுக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒட்டுப்போட்ட வண்டியை நான் வாங்கினால் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுவேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால், இரட்டைக் கிளட்ச் வண்டியில் பி.டி.ஓ. பிளேட் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்சை விலக்கும் நெம்பு விரல்களின் அளவு தப்பியிருக்கலாம். அது பட்டறை வேலை. தனி பி.டி.ஓ. வண்டியில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறது. டிப் ஸ்டிக்கை எடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். பல மாடல்களில் ஹைட்ராலிக்கும் பி.டி.ஓ.வும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. ஆகவே கருவியைத் தூக்கவும் வண்டி திணறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டும் சேர்ந்து மந்தமாக இருந்தால் கிளட்சைத் தொட வேண்டாம். எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கும்.

சும்மா விட்டால் சுற்றுகிறது, மண்ணில் இறக்கினால் நின்றுவிடுகிறது

இன்ஜினின் குரலைக் கேளுங்கள். ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கும்போது இன்ஜின் திணறிப் புகை தள்ளினால், சக்தி பின்னால் போய்ச் சேர்கிறது, சுமைதான் அதிகம். ஆழத்தைக் குறையுங்கள், கியரை இறக்குங்கள். பி.டி.ஓ.வுக்கு வரும் குதிரைத்திறன் இன்ஜின் குதிரைத்திறனை விடக் குறைவு, சுமார் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 45 குதிரைத்திறன் என்று போட்டிருந்தால் பின்னால் கிடைப்பது 38-க்குப் பக்கம். சகலை 6 அடி ரோட்டவேட்டர் வாங்கிவிட்டார் என்பதற்காக 35 குதிரைத்திறன் வண்டிக்கு நாமும் அதையே வாங்கினால் இந்த அறிகுறி வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

இன்ஜின் கொஞ்சமும் திணறாமல் அதே வேகத்தில் ஓடுகிறது, ரோட்டர் மட்டும் நிற்கிறது என்றால் நடுவில் எங்கோ நழுவுகிறது. ஷாஃப்டின் கருவிப் பக்க முனையில் ஸ்பிரிங் சுற்றி வைத்த தட்டுகள் இருந்தால் அதுதான் ஸ்லிப் கிளட்ச். கல்லில் அடிபட்டால் நழுவிக் கொடுத்து மற்ற பாகங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை. தட்டுகள் தேய்ந்தாலோ எண்ணெய் பட்டாலோ சாதாரணச் சுமைக்கே நழுவும். கருகின வாடையும் தொட முடியாத சூடும் அடையாளம். சூடு ஆறும் முன் கை வைத்து நானே ஒரு தரம் கொப்புளம் வாங்கியிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து ஷெட்டில் நிறுத்திய கருவியை அடுத்த ஜூனில் எடுத்தால், தட்டுகள் துருவில் ஒட்டிப்போய் ஸ்லிப் கிளட்ச் வெறும் இரும்புக் கட்டியாகி நிற்கும். முதல் கல்லிலேயே கியர் பல் போய்விடும். பட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நட்டுகளை ஒரே அளவாகத் தளர்த்துங்கள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று நொடி ஓட்டித் தட்டுகளை நழுவ விடுங்கள். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, எழுதி வைத்த அதே நீளத்துக்குத் திரும்ப முறுக்குங்கள். கைக்கு எட்டிய மட்டும் முறுக்கி விடுவது தப்பு.

ஸ்லிப் கிளட்ச் நன்றாக இருந்தும் நழுவினால் டிராக்டர் கிளட்ச்தான். பெடலில் காலை வைத்தபடியே உழுகிற பழக்கம் உள்ள டிரைவர் கையில் கொடுத்த வண்டியில் இது சீக்கிரம் வரும்.

ஷியர் போல்ட் அடிக்கடி அறுகிறது

சுமை மீறினால் மற்ற பாகங்களைக் காப்பாற்ற, அறுவதற்காகவே ஷாஃப்டில் வைத்த போல்ட் அது. ஏன் அறுகிறது என்று பார்க்க வேண்டும். "அறுகிறதே" என்று கோபப்பட்டுக் கெட்டியான போல்ட் போடக் கூடாது. நான் போட்டேன். அவசரம், இரவு எட்டு மணி, மறுநாள் நடவு. பெட்டியில் கிடந்த ஹை டென்சில் போல்ட் ஒன்று ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தியது. வண்டியோடு இருந்த தம்பி, "அண்ணே, இது அறவே அறாதுண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னான். சொன்னபடியே அறவில்லை. வாய்க்கால் ஓரம் புதைந்திருந்த தென்னை வேரில் மாட்டியதும் கியர் பாக்ஸின் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இரண்டாகப் போனது. இரண்டு டீ விலைக்கு வருகிற போல்ட்டுக்குப் பதிலாக ஒரு வாரத்து வாடகை போயிற்று. நடவும் தள்ளிப்போய், நாற்றுக்காரர் வாயில் விழுந்ததுதான் மிச்சம்.

போல்ட் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண் 8.8, 10.9 என்று பொறித்திருக்கும். கருவிக் கையேட்டில் சொன்ன எண்ணும் தடிமனும்தான் போட வேண்டும். அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் தப்பு. நாலைந்து உதிரி வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வைத்துவிட்டால் இரவு எட்டு மணிக்குப் புத்தி கெட்டுப் போகாது.

அடிக்கடி அறுவதற்குக் காரணங்களில் முதலாவது, இன்ஜினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வைத் தடாலென்று போடுவது. இன்ஜினை ஆயிரம் ஆர்.பி.எம். பக்கம் இறக்கி, பி.டி.ஓ.வை மெல்லப் பிடிக்க விட்டு, கருவி சுற்ற ஆரம்பித்த பின் வேகம் ஏற்றினால் பாதிப் போல்ட் மிஞ்சும். ரோட்டர் முழுக்கத் தரையில் அழுந்தியிருக்கும்போது போடுவதும் இதே தப்புதான். அடுத்து ரோட்டர் முனைகளில் சுற்றிய கயிறும் கம்பியும். உரச் சாக்கின் நைலான் நூல் பேரிங் ஓரத்தில் இறுகினால் ரோட்டரே பிரேக் பிடித்த மாதிரி ஓடும். மூன்றாவது, போல்ட் போகும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்து போவது. ஓட்டையில் போல்ட் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் சுத்தியல் அடிதான், எந்தப் போல்ட்டும் தாங்காது. லேத்தில் கொடுத்து புஷ் போட்டுக்கொள்ளுங்கள்.

டக் டக் சத்தம், அதிர்வு

நான் அதிகம் பார்த்த அறிகுறி இதுதான். வரப்போரம் குனிய வைப்பதும் இதுதான். குனியாமலே, சீட்டில் உட்கார்ந்தபடியே பாதி கண்டுபிடித்துவிடலாம். சத்தம் எப்போது வருகிறது?

தலைமாட்டில் திரும்பக் கருவியைத் தூக்கும்போது மட்டும் வருகிறதென்றால் கோணம். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கவை போன்ற இரண்டு யோக்குகளை ஒரு கிராஸ் கோத்திருக்கிறது. கோணம் கூடினால் கவையின் காதுகள் ஒன்றையொன்று இடிக்கும். ரோட்டவேட்டரைத் தரையை விட்டுக் கிளம்புகிற அளவுக்குத் தூக்கினால் போதும். ஹைட்ராலிக் லீவருக்கு ஒரு தடை வைத்து, அதற்கு மேல் போகாமல் கட்டிவிடுங்கள். வரப்பு தாண்ட உயரத் தூக்க வேண்டியிருந்தால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள்.

உழும்போதும் விடாமல் ஒரு அதிர்வு இருக்கிறது, சீட்டு வரை வருகிறதென்றால் காதுகளின் வரிசையைப் பாருங்கள். கோணத்தில் சுற்றும் கிராஸ் ஜாயிண்ட் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 540-ல் அது நொடிக்கு 18 உலுக்கல். முன் ஜாயிண்ட் போட்ட உலுக்கலைப் பின் ஜாயிண்ட் எதிர்த்திசையில் போட்டுச் சமன் செய்ய வேண்டும். அதற்கு ஷாஃப்டின் உள்பக்க யோக் இரண்டும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும்: ஒன்றின் காது மேலும் கீழுமாக இருந்தால் மற்றதும் அப்படியே. சதுரக் குழாயில் சதுரக் கம்பி நுழையும் ஷாஃப்டில் இதைத் தப்பாகப் போடுவது ரொம்பச் சுலபம். நாலு விதமாக நுழையும், அதில் இரண்டுதான் சரி. கிரீஸ் அடிக்கப் பிரித்துவிட்டு, திரும்பக் கோக்கும்போது கால் சுற்று மாறிவிட்டால் உலுக்கல் சமனாவதற்குப் பதில் இரட்டிக்கும். யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் இரண்டே பட்டத்தில் கியர் பாக்ஸ் பேரிங் கதறும். நான் இரண்டு பாதியிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடும் கோடும் சேர்ந்தால் சரி.

வரிசை சரியாக இருந்தும் அதிர்ந்தால் டாப் லிங்க், அதாவது டிராக்டரையும் கருவியையும் மேலே இணைக்கும் திருகுக் கம்பி. உழும் நிலையில் டிராக்டர் முனையும் கருவியின் கியர் பாக்ஸ் முளையும் இணையாக இருக்க வேண்டும். கருவி மூக்கைத் தூக்கிக்கொண்டோ கவிழ்ந்தோ நின்றால் இரண்டு ஜாயிண்ட் கோணமும் சமமாகாது. டாப் லிங்க்கைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

வேகம் ஏற ஏற அதிர்வும் ஏறுகிறது, கோணம் எப்படி இருந்தாலும் மாறவில்லை என்றால் ஷாஃப்ட் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது ரோட்டரில் ஒரு பக்கத்து பிளேடுகள் உதிர்ந்தோ இடம் மாறியோ இருக்கலாம். பிளேடுகள் சுருள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைத் தொடும்படி கோத்திருக்கும். தேய்ந்தவற்றை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிக் குவித்துவிட்டால் அந்த வரிசை போயிற்று. ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தந்த இடத்திலேயே புதியதைப் போடுங்கள்.

கடைசியாக கிராஸ். இன்ஜின் நின்ற நிலையில் யோக்கை ஒரு கையிலும் ஷாஃப்டை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். மயிரிழை கூட ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் நாலு தொப்பிகளைச் சுற்றி செம்மண் மாதிரி பழுப்புப் பொடி தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்து அரைபடுகிறது. நிப்பிளில் கிரீஸ் அடித்தால் நாலு தொப்பியிலும் கசிய வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்து உடையப்போவது. தினமும் வேலை தொடங்கும் முன் கிராஸ் இரண்டுக்கும் கிரீஸ் அடிக்க மூன்று நிமிடம் ஆகும். வண்டிக்கு மாலை போட்டு சாம்பிராணி காட்ட நேரம் இருக்கிறவர்களுக்கு இதற்கும் நேரம் இருக்கும்.

ஷாஃப்ட் கழன்று விழுகிறது, அல்லது முட்டுகிறது

இரண்டும் நீளக் கோளாறு. கருவி ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு குறுக வேண்டும். ரொம்ப நீளமாக இருந்தால் உள்கம்பி குழாயின் அடியில் முட்டி, டிராக்டர் பேரிங்கையும் கியர் பாக்ஸ் பேரிங்கையும் இரண்டு பக்கமும் குத்தும். பி.டி.ஓ. சீல் மாற்றி மாற்றி எண்ணெய் கசிவு நிற்கவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ரொம்பக் குட்டையாக இருந்தால் கருவி இறங்கும்போது இரண்டு பாதியும் பிரிந்து, சுற்றுகிற பாதி தடியடி அடித்துக்கொண்டு போகும்.

அளவு பார்ப்பது இப்படி. கருவியை மாட்டி, ஷாஃப்டின் ஒரு பாதியை டிராக்டர் முனையிலும் மறு பாதியைக் கருவியிலும் தனித்தனியாகப் பூட்டுங்கள். கருவியை ஏற்றி இறக்கி, இரண்டு முளைக்கும் நடுவே தூரம் மிகக் குறைவாக வரும் நிலையைக் கண்டுபிடியுங்கள். அந்த நிலையில் கட்டை கொடுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறியுங்கள். முழுக்க உள்ளே போனாலும் இரண்டு விரற்கடை இடம் மிஞ்ச வேண்டும். முழுக்க நீண்டாலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அறுக்க வேண்டியிருந்தால் உள்கம்பி, வெளிக்குழாய், மேல் பிளாஸ்டிக் மூடியின் இரண்டு பாதி, நாலிலும் ஒரே அளவு. பிசிறை அரம் வைத்து ராவி, கிரீஸ் தடவிக் கோத்துவிடுங்கள்.

நீளம் சரியாக இருந்தும் முனையிலிருந்து நழுவினால் பூட்டு. யோக்கில் உள்ள அமுக்கு முள் பள்ளத்தில் விழும்போது 'டிக்' என்று கேட்கும். கேட்ட பிறகும் ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். முள் தேய்ந்தால் புதியது வாங்குங்கள். அந்த இடத்தில் நீளமான போல்ட் ஒன்றைக் கோத்து நட்டுப் போட்டு ஓட்டுகிற வழக்கத்தை எங்கே கண்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நொடிக்கு ஒன்பது தடவை சுற்றுகிற கொக்கி அது.

கிளட்ச் மிதித்தும் வண்டி நிற்காமல் தள்ளுகிறது

ஸ்லாஷர் போன்ற கனத்த கருவியை ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மாட்டினால் இது வரும். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் விலகிவிடுகிறது. ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி கியர் பாக்ஸுக்குள் வந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. பிரேக் பழுதென்று நினைத்து பிரேக்கைப் பிரிப்பார்கள். பிரேக்கில் ஒன்றும் இருக்காது. பி.டி.ஓ. முனைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஒரு ஓவர் ரன்னிங் கிளட்ச் போட்டால் தீர்ந்தது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுமே, அதே ஃப்ரீ வீல் தத்துவம். அது போடுகிற வரையில் கிணற்று மேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் பக்கத்தில் அந்த வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். போட்டால் ஷாஃப்ட் அந்த அளவுக்கு நீளும் என்பதால் மேலே சொன்ன நீள அளவைத் திரும்பப் பாருங்கள்.

லீவரை எடுத்தும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது

தனி பி.டி.ஓ. வண்டியில் காலையில் எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது, எதுவும் மாட்டாத முனை மெதுவாகத் தானே சுற்றுவது உண்டு. கருவி மாட்டியதும் நின்றுவிட்டால் பெரிய விஷயமில்லை. எண்ணெய் சூடான பிறகும், கருவி மாட்டிய பிறகும் சுற்றினால் கிளட்ச் தட்டுகள் ஒட்டுகின்றன, அல்லது பி.டி.ஓ. பிரேக் வேலை செய்யவில்லை. லீவரின் கேபிள் அளவு தப்பி, முழுக்க விலகாமலும் இருக்கலாம். காலால் மிதித்து நிறுத்திப் பார்ப்பது, கட்டையைக் கொடுத்துப் பார்ப்பது இதெல்லாம் சோதனையே இல்லை.

வேகம் சரியில்லை

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அடிக்கும்போது மணி உடைகிறது என்றால் வேகம் கூடுதல், அல்லது உள்ளே இடைவெளி குறைவு. கதிரில் மணி மிஞ்சுகிறது, தூசி பிரியவில்லை என்றால் வேகம் குறைவு. ஜெனரேட்டர் என்றால் பல்பே சொல்லிவிடும். டிராக்டரின் ஆர்.பி.எம். மீட்டரில் 540-க்கு எதிரே ஒரு குறி இருக்கும். மாடலுக்கு மாடல் அது மாறுகிறது: ஒன்றில் 1500-லேயே வரும், இன்னொன்றில் 1900 வேண்டும். பழைய வண்டியின் கைப்பழக்கத்தில் புது வண்டியை ஓட்டுவதுதான் பெரும்பாலும் கோளாறு. எகானமி நிலையில் குறைந்த இன்ஜின் வேகத்திலேயே 540 வந்துவிடும். ஸ்பிரேயருக்கும் சின்ன ஜெனரேட்டருக்கும் அது டீசல் மிச்சம். ஆனால் அந்த நிலையில் வைத்துக்கொண்டு பழையபடி ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் கருவி கட்டுக்கு மீறிச் சுற்றும். மீட்டரை நம்ப முடியாவிட்டால் லேசர் டேக்கோமீட்டர் ஒன்று வாங்கி, கருவியைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்று அளக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ள மத்திய அரசுப் பரிசோதனை நிலையம் டிராக்டர் மாடல்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. உங்கள் மாடலின் பி.டி.ஓ. திறனும், எந்த இன்ஜின் வேகத்தில் 540 வரும் என்பதும் அதில் இருக்கும்.

1000 சுற்று முனையில் பெரும்பாலும் 21 பல் இருக்கும். 6 பல்லும் 21 பல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் செய்ததே, தப்பான வேகத்தில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. அடாப்டர் வாங்கிப் பொருத்தி 540 கருவியை 1000-ல் ஓட்டுவது கருவிக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

கதிரடிக்கும் இயந்திரத்தில் அடைத்துக்கொண்டால் ஓட்டத்திலேயே கையை விட்டு இழுப்பது இன்னும் நடக்கிறது. கைகள் போன விபத்துகளை வைத்துத்தான் 1983-ல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. காயம்பட்டவருக்கு இழப்பீடும் அதில் உண்டு. அடைத்தால் நிறுத்தி, சாவியை எடுத்து, அப்புறம் கழியால் குத்துங்கள்.

பிளாஸ்டிக் மூடி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது

மூடி சுற்றாமல் நிற்க வேண்டும், உள்ளே ஷாஃப்ட் மட்டும் சுற்ற வேண்டும். இரண்டு முனையிலும் சின்னச் சங்கிலி இருக்கிறதே, அது மூடியை நிறுத்திப் பிடிப்பதற்கு. ஷாஃப்டைத் தூக்கவும் தொங்கவிடவும் அதைப் பயன்படுத்தி அறுத்துவிடுகிறோம். இன்ஜின் நின்ற நிலையில் மூடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் அசையாமல் மூடி மட்டும் லேசாகச் சுற்றினால் சரி. இறுகியிருந்தால் மூடியின் முனையில் உள்ள நைலான் வளையம் சேறு ஏறிக் காய்ந்திருக்கும். கழுவிக் கிரீஸ் விடுங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று வாங்கிய அன்றே மூடியைக் கழற்றி ஷெட் மூலையில் போடுகிறவர்கள்தான் அதிகம். வண்டி வாடகைக்கு எடுக்கிற விவசாயிக்கு ஒரு வார்த்தை: ஷாஃப்டில் மூடி இல்லாத வண்டி வந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை வயல் பக்கம் விடாதீர்கள். மூடி போட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் இன்னும் நல்லது. வாடகை போகும் என்றால் நாங்கள் எல்லாரும் மறுநாளே மூடி வாங்கிவிடுவோம்.

எண்ணெய் கசிகிறது

பி.டி.ஓ. முனையைச் சுற்றிக் கசிந்தால் முதலில் ஷாஃப்ட் நீளம், அப்புறம் முனையின் ஆட்டம், கடைசியில்தான் சீல். ஆட்டம் இருக்கும்போது சீல் மட்டும் மாற்றினால் பத்து நாள் தாங்கும். ரோட்டவேட்டர் கியர் பாக்ஸில் கசிந்தால் எண்ணெயை ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் சேற்று உழவில் தண்ணீர் ஏறிவிட்டது. முழுக்க வடித்து, டீசல் விட்டு அலசி, கையேட்டில் சொன்ன கியர் எண்ணெயைக் குறி வரை ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் அதுவே சூடாகிக் கசியும். பழைய சீலைக் கழற்றும்போது அதன் உதட்டில் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூர எறியுங்கள். என் ரோட்டவேட்டரில் இதுவரை மூன்று சீல் போயிருக்கிறது, இரண்டில் உரச் சாக்கு நூல்தான் இருந்தது.